திரையில் பாதி, கண்ணில் பாதி

வீட்டுத் திரையரங்கிற்கென விற்கப்படும் புரொஜெக்டரின் விவரத்தாளில் ஒளியின் அளவு லூமன் கணக்கிலும், வெண்மைக்கும் கருமைக்குமான விகிதம் பெரும்பாலும் லட்சக் கணக்கிலும், படப்புள்ளிகளின் எண்ணிக்கை நீள அகலப் பெருக்கலாகவும் தரப்பட்டிருக்கும். இவை யாவும் கருவியிலிருந்து புறப்படும் ஒளியைப் பற்றிய கணக்குகள். அந்த ஒளி திரையில் பட்டுத் திரும்பி, ஒரு மனிதரின் விழித்திரையில் படமாகத் திரளும்போது என்ன நேர்கிறது என்பதைப் பற்றி அத்தாள் வாய் திறப்பதில்லை. ஆனால் ஒரு புரொஜெக்டரை விரும்பவோ வெறுக்கவோ வைப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தில் தோன்றும் கோளாறுகளே. மூலப் படத்தில் இல்லாமல், படத்தைக் காட்டும் முறையினால் புதிதாக வந்து சேரும் இத்தகைய தோற்றங்களைக் காட்சிப் பிழைகள் என்று இவ்வத்தியாயம் குறிப்பிடுகிறது.

ஒரு காட்சிப் பிழை மூன்று இடங்களில் ஒன்றில் பிறக்கலாம்: ஒளிபரப்பிலோ வட்டிலோ உள்ள மூலத்தில், ஒளியை வடிவமைக்கும் கருவியில், அல்லது பார்ப்பவரின் கண்ணிலும் மூளையிலும். முதலிரண்டில் பிறப்பவற்றைக் கருவிகொண்டு அளந்துவிட முடியும். மூன்றாவதில் பிறப்பது ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், எவ்வளவு நேர்மையான மதிப்புரையாளரும் இன்னொருவரின் கண்ணுக்காகத் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆகவே, தானே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்ற அறிவுரை இத்துறையில் அடிக்கடி கூறப்படுகிறது. எப்படிப் பார்ப்பது என்பது மட்டும் அரிதாகவே விளக்கப்படுகிறது. வெறுமனே உற்றுப் பார்ப்பதனால் பிழை பிடிபடுவதில்லை. ஒரு பிழைக்கு இன்னதுதான் காரணம் என்று ஐயுற்றால், அந்தக் காரணத்தை மட்டும் மாற்றி, ஏனையவற்றை இருந்தபடியே விட்டு, தோற்றம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கையாளப்படும் இந்த எளிய நெறி வரவேற்பறையிலும் அப்படியே செல்லுபடியாகும்.

கண்ணில் பிறக்கும் பிழைகளுள் மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது வானவில் பிழை. இதைப் புரிந்துகொள்ளச் சில்லு ஒன்றின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய லாரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய எண்ணிம நுண்ணாடிச் சில்லில், படப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் மிகச் சிறிய கண்ணாடி ஒன்று கீலில் பொருத்தப்பட்டிருக்கும். அது ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்சின் வழியே திரைக்குச் செல்லும். மறுபக்கம் சாய்ந்தால் ஒளி உள்ளேயே உறிஞ்சப்பட்டு, அந்தப் புள்ளி திரையில் இருளாகும். இடைநிலை என ஒன்று கிடையாது. சாம்பல் நிறம் வேண்டுமானால் கண்ணாடி நொடிக்குப் பல்லாயிரம் முறை இங்குமங்கும் சாய்ந்து, ஒளிர்ந்த நேரத்துக்கும் அணைந்த நேரத்துக்கும் உள்ள விகிதத்தால் அதை உண்டாக்குகிறது. டிஎல்பி என்ற பெயரால் அறியப்படும் இந்த முறையில், சாம்பல் நிறம் என்பதே காலத்தால் ஆன ஒரு ஏற்பாடு. நிறமும் அவ்வாறே. திரையரங்குகளில் உள்ள பெரிய டிஎல்பி கருவிகளில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சில்லுகள் இருப்பதால் மூன்று நிறங்களும் ஒரே வேளையில் திரையை அடைகின்றன. வீட்டுக் கருவியின் விலைக்கு மூன்று சில்லுகள் கட்டுப்படியாகாது என்பதால், ஒரே சில்லின் முன் நிறக் கண்ணாடிகள் பதித்த சக்கரம் ஒன்று சுழல, சிவப்புப் படம், பச்சைப் படம், நீலப் படம் என ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் விழுகின்றன. அவற்றைச் சேர்த்து முழு நிறப் படமாக்கும் வேலை கண்ணிடம் விடப்படுகிறது.

கண் அசையாமல் இருக்கும்வரை இந்த வேலை குறையின்றி நடக்கிறது. ஆனால் மனிதக் கண் அசையாமல் இருப்பதில்லை. விழித்திரையின் நடுவில் உள்ள மையக்குழி மட்டுமே நுணுக்கமான விவரங்களைப் பார்க்க வல்லது என்பதால், பார்வை நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. விழித்தாவல் எனப்படும் இந்த அசைவு உடலின் அசைவுகளிலேயே மிக விரைவானவற்றுள் ஒன்று. பத்துப் பாகை அளவுள்ள ஒரு தாவல் நொடிக்கு முந்நூறு பாகை வேகத்தை எட்டி, ஐம்பது மில்லிநொடிக்குள் முடிந்துவிடுகிறது. இனிக் கணக்கு எளிது. நொடிக்கு 60 படங்கள் வீதம் வரும் காட்சிக்கு இருமடங்கு வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 7,200 சுற்றுகள் வீதம், சக்கரம் சுழல்வதாகக் கொண்டால், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடியும் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ 2.8 மில்லிநொடியும் கிடைக்கும். அந்த 2.8 மில்லிநொடியில் கண் 0.8 பாகைக்கும் கூடுதலாக நகர்ந்திருக்கும். கருந்திரையில் உள்ள ஒரு வெண்புள்ளியின் சிவப்பும் பச்சையும் நீலமும் விழித்திரையின் வெவ்வேறு இடங்களில் பதிகின்றன. மூன்று மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு அந்த இடைவெளி திரையில் நான்கு சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமாகத் தோன்றும். ஒரே தாவலுக்குள் சக்கரம் ஐந்து சுற்று சுற்றிவிடுவதால், அந்தப் புள்ளி சிவப்பு, பச்சை, நீலம், மறுபடி சிவப்பு என்று ஒரு கோவையாகவே சிதறும். சக்கரத்தின் வேகத்தை இருமடங்கிலிருந்து ஆறு மடங்காக்கினால் இடைவெளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும், ஆனால் மறையாது. விளம்பரங்கள் சொல்வதற்கும் இயற்பியல் சொல்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

நிறங்களைக் காலத்தில் பிரித்துக் காட்டும் உத்தி டிஎல்பியோடு பிறந்ததன்று. ஜான் லோகி பேர்டு 1928-இல் செய்து காட்டிய நிறத் தொலைக்காட்சியிலேயே அதன் வித்து இருந்தது. அமெரிக்காவில் சிபிஎஸ் நிறுவனத்துக்காகப் பீட்டர் கோல்ட்மார்க் வளர்த்தெடுத்த முறையில், தொலைக்காட்சிக் குழாயின் முன் நிமிடத்துக்கு 1,440 சுற்றுகள் வீதம் ஆறு நிறத் துண்டுகள் கொண்ட வட்டு சுழன்றது. நொடிக்கு 144 ஒற்றை நிறப் புலங்கள் திரையில் தோன்றின. 1950-இல் அரசு ஒப்புதல் பெற்று, 1951 ஜூனில் ஒளிபரப்பைத் தொடங்கிய இம்முறை அதே ஆண்டு அக்டோபரில் நின்றுபோனது. பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளால் அந்த ஒளிபரப்பைப் பெற முடியாமற்போனதே அதற்கு முதன்மைக் காரணம் என்றாலும், கண் அசைந்தால் நிறம் உடையும் என்ற குறையும் அப்போதே அறியப்பட்டிருந்தது. பிற்காலத்தில், எடை குறைந்த கேமரா வேண்டும் என்பதற்காக அப்பல்லோ விண்வெளிப் பயணங்களில் இதே உத்தி மீண்டும் கையாளப்பட்டது. 1972-இல் அப்பல்லோ 17-இன் ஏறுகலம் நிலவிலிருந்து கிளம்பும் காட்சியில், சிதறிப் பறக்கும் துணுக்குகள் சிவப்பாகவும் பச்சையாகவும் நீலமாகவும் தனித்தனியே மின்னுவதை இன்றும் பார்க்கலாம். அங்கே அசைந்தது பொருள். நிறமுறிவு பதிவிலேயே தங்கிவிட்டதால் பார்க்கும் எல்லோருக்கும் அது தெரிகிறது. புரொஜெக்டரில் அசைவது கண். ஆகவே அது ஒருவருக்குத் தெரிகிறது, அருகில் அமர்ந்திருப்பவருக்குத் தெரிவதில்லை.

இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் தேவைப்படுகிறது, ஏனெனில் விழித்தாவல் எல்லோருக்கும் உண்டு. தாவலின்போது உலகமே விழித்திரையில் தீற்றலாக ஓடுகிறது. ஆனால் அந்தத் தீற்றலை எவரும் உணர்வதில்லை. ஃபெர்கஸ் கேம்ப்பெல்லும் ராபர்ட் வுர்ட்சும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான விடை ஒன்றைத் தந்தது. தாவல் நிகழும் அந்தக் கணத்தில் மட்டும் அறைக்கு ஒளியூட்டினால் தீற்றல் தெளிவாகத் தெரிகிறது; தாவலுக்கு முன்னும் பின்னும் கண் நிலைத்திருக்கும் வேளையிலும் ஒளி இருந்தால், அந்த நிலைத்த காட்சிகள் இடையிலுள்ள தீற்றலை மூடிமறைத்துவிடுகின்றன. எனவே வெயில் காயும் தெருவோ, கிரிக்கெட் மைதானமோ திரையில் நிறைந்திருக்கும்போது வானவில் பிழை பெரும்பாலும் எழுவதில்லை. இருண்ட திரையில் ஒரேயொரு விளக்கு எரியும்போது, தீற்றலை மறைக்க அதன் பாதையில் வேறு காட்சி இல்லாமையால், அது கண்ணுக்குப் புலனாகிறது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு இந்த மறைப்பின் வலிமையிலும், எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு தொலைவு பார்வை தாவுகிறது என்ற பழக்கத்திலும் அடங்கியிருக்கிறது. நிலைத்துப் பார்க்கும் கண்ணுக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேற்பட்ட சிமிட்டல் பொதுவாகப் புலப்படாது என்றாலும், தாவும் கண்ணால் நொடிக்கு ஆயிரத்தையும் தாண்டிய சிமிட்டலை உணர முடியும் என்று எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ராபர்ட்சும் ஆர்னால்டு வில்கின்சும் 2013-இல் காட்டினர். இரவில் முன்னே செல்லும் காரின் எல்இடி பின்விளக்குகள், பார்வையைத் திருப்பும்போது சிவப்புப் புள்ளிகளின் வரிசையாகச் சிதறுவதைக் கவனித்திருப்பவர், கடைக்குப் போகுமுன்பே தம் கண்ணின் இயல்பைப் பற்றிப் பாதி அறிந்துவிட்டார் எனலாம்.

சோதனைக்கு ஏற்ற காட்சி இப்போது தானே விளங்கும். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் ஓடும் இறுதிப் பெயர்ப்பட்டியல், இரவுக் காட்சியின் அடியில் வரும் வெண்ணிறத் துணையுரை, மாறுபாடு மிகுந்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஆகியவை பொருத்தமானவை. துணையுரையையும் நடிகரின் முகத்தையும் மாறி மாறிப் படிக்கும் இயல்பான பார்வையே போதுமான தாவல்களைத் தரும். தலையை வேகமாக ஆட்டியோ, விரித்த விரல்களைக் கண்ணெதிரே அசைத்தோ பார்த்தால் நிறமுறிவு எவருக்கும் தெரியத்தான் செய்யும். அது கருவி நிறங்களை வரிசையாகக் காட்டுகிறது என்பதை மட்டுமே மெய்ப்பிக்கும். கைபேசிக் கேமராவை வீசித் திருப்பி எடுத்த படத்தில் தெரியும் மூவண்ணக் கோடுகளும் அதையே சொல்கின்றன. படம் பார்க்கும்போது அது தொல்லை தருமா என்ற கேள்விக்கு அவை விடையாகா. இவ்விடத்தில் பரவலான ஒரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டும். எல்இடி அல்லது மூவண்ண லேசர் கொண்ட ஒற்றைச் சில்லுக் கருவியில் சக்கரம் இல்லை என்பதால் வானவில்லும் இராது என்று சிலர் கருதுகின்றனர். சக்கரம் போனாலும் வரிசை போகவில்லை; விளக்குகளே ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணைகின்றன. அந்த மாற்றத்தின் வேகம் கூடியிருக்கக்கூடும் என்பதே அதில் உள்ள ஆறுதல்.

வானவில்லை அடியோடு தவிர்க்க விரும்புவோர் மூன்று பலகைகள் கொண்ட கருவிகளை நாடுகின்றனர். வெள்ளொளியை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எல்சிடி பலகையையோ, ஒளியைத் திருப்பி அனுப்பும் எல்சிஓஎஸ் பலகையையோ அமைத்து, மூன்று படங்களையும் ஒரே வேளையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது இவற்றின் முறை. பொருத்தம் என்பதில்தான் இவற்றின் பிழை ஒளிந்திருக்கிறது. 0.74 அங்குல மூலைவிட்டம் கொண்ட பலகையில் 1,920 புள்ளிகள் ஒரு வரிசையில் நிற்கும்போது ஒரு புள்ளியின் அகலம் 8.5 மைக்ரோமீட்டர் அளவே இருக்கும். ஒரு பலகை நான்கு மைக்ரோமீட்டர் விலகினாலே திரையில் அரைப்புள்ளி அளவுக்கு நிறக் கசிவு தோன்றிவிடும். கருப்பின்மேல் ஒற்றைப் புள்ளி அகலமுள்ள வெள்ளைக் கட்டங்களைக் காட்டும் சோதனைப் படத்தை ஓடவிட்டு, திரையருகே சென்று பார்த்தால் இது தெரியும். ஒரு கோட்டின் இடப்புறம் சிவப்பும் வலப்புறம் நீலமும் கசிகின்றன என்று வைத்துக்கொள்வோம். திரை முழுவதிலும் சிவப்பு இடப்புறமாகவே இருந்தால் பலகைகள் விலகியிருக்கின்றன. நடுவில் கோடுகள் தூய வெள்ளையாக இருந்து, ஓரங்களை நோக்கிச் செல்லச் செல்லக் கசிவு பெருகி, இடக்கோடியில் ஒரு திசையிலும் வலக்கோடியில் அதற்கு எதிர்த்திசையிலும் அமைந்தால் குற்றம் லென்சினுடையது. வெவ்வேறு நிறங்களை லென்சு வெவ்வேறு அளவில் விலக்குவதால் வரும் நிறப்பிறழ்ச்சி அது. முதலதைச் சில கருவிகளின் மெனுவிலேயே ஓரளவு திருத்த முடியும். இரண்டாவதற்கு வேறு லென்சு வேண்டும்.

மூக்குக் கண்ணாடி அணிந்தவர்களுக்கு இதில் ஒரு பொறி காத்திருக்கிறது. எடை குறைந்த பாலிகார்பனேட் கண்ணாடிகள் நிறங்களைப் பிரிப்பதில் தாராளமானவை; அவற்றின் விளிம்பு வழியே திரையின் மூலையைப் பார்ப்பவருக்கு, குற்றமற்ற புரொஜெக்டரும் நிறம் கசிவதாகத் தோன்றும். கண்ணை மட்டும் திருப்பாமல் முகத்தையே அந்த மூலைக்கு நேராகத் திருப்பிப் பார்த்தால் ஐயம் தீரும். கசிவு மறைந்துவிட்டால் பழியைக் கண்ணாடிக் கடை ஏற்க வேண்டும்.

புள்ளிகளுக்கு இடையிலுள்ள கரிய இடைவெளிகள் கொசுவலையைப்போலப் படத்தின்மேல் படர்ந்து தெரிவது பழைய எல்சிடி கருவிகளின் பெருங்குறையாக இருந்தது. பலகையில் புள்ளி ஒவ்வொன்றையும் இயக்கும் மின்சுற்று ஒளியின் பாதையிலேயே இடம் பிடித்துக்கொள்வதே அதற்குக் காரணம். எல்சிஓஎஸ் பலகையில் அச்சுற்று புள்ளியின் பின்னால் மறைந்திருப்பதால் வலை மிக மெல்லியது. இன்று இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கூர்மையான பார்வை உடையவரின் கண் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தைப் பிரித்தறியும். நூறு அங்குலத் திரையின் அகலம் 221 சென்டிமீட்டர். அதில் 1,920 புள்ளிகள் இருந்தால் ஒரு புள்ளி 1.15 மில்லிமீட்டர், நான்கு மீட்டருக்கு அப்பால் அமர்ந்தவருக்கு அது தனியே தெரியாது. 1,280 புள்ளிகள் கொண்ட கருவியாக இருந்தால் அத்தொலைவு ஆறு மீட்டரை நெருங்கும். 3,840 புள்ளிகள் இருந்தால் இரண்டு மீட்டரே போதும். 4கே எனப்படும் பல டிஎல்பி கருவிகளில் அத்தனை நுண்ணாடிகள் இல்லை. 1920-க்கு 1080 அளவுள்ள சில்லின் படத்தை மிக விரைவாக நான்கு இடங்களுக்கு நகர்த்தி அந்த எண்ணிக்கையை எட்டுகின்றன. இது ஏமாற்றா என்று கேட்போர் உண்டு. அமரும் தொலைவிலிருந்து வேறுபாடு தெரியவில்லையெனில், எண்ணிக்கையை எப்படி எட்டினார்கள் என்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அசைவு பற்றிய பிழைகளில் மூலத்தின் குற்றத்தைக் கருவியின்மேல் சுமத்துவது மிகுதி. திரைப்படம் நொடிக்கு 24 படங்களால் ஆனது. ஊடகப் பெட்டிகளும் கணினிகளும் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை படம் அனுப்புபவை. 24-ஐ 60-ஆக விரிக்க, ஒரு படத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்ட வேண்டியிருக்கிறது; ஆகவே ஒரு படம் 50 மில்லிநொடியும் அடுத்தது 33 மில்லிநொடியும் நிற்கின்றன. கேமரா சீராகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சியில் இது நொண்டுவதுபோன்ற தாளமாகத் தெரியும். பெட்டியின் அமைப்பில் வெளியீட்டை 24-க்கு மாற்றியதும் நொண்டல் நின்றால் புரொஜெக்டர் குற்றமற்றது. அதன்பின்னும் எஞ்சும் சீரான அதிர்வு 24 படங்கள் என்ற திரைப்பட மரபுக்கே உரியது. ஒரு பொருள் திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் செல்ல ஏழு நொடியாவது ஆக வேண்டும் என்று ஒளிப்பதிவாளர்கள் வழிவழியாகப் பின்பற்றும் விதி இதை அடக்கி வைக்கவே ஏற்பட்டது. இடைப்பட்ட படங்களைத் தானே கற்பித்துச் செருகும் வசதியைப் பல கருவிகள் தருகின்றன. அதை முடுக்கிவிட்டால் திரைப்படம் டிவி சீரியலின் சாயலைப் பெறுவதோடு, கம்பி வேலிக்குப் பின்னால் ஒருவர் நடந்து செல்லும்போது கம்பிகளும் ஆளும் ஒன்றோடொன்று கரைந்து குழம்புவதையும் காணலாம். திரைப்படத்துக்கு அதை அணைத்து வைப்பதே நல்லது.

இருளைச் சோதிப்பது வேறு வகைப் பொறுமையைக் கேட்கிறது. விளக்கை அணைத்தவுடன் கண் இருளுக்குப் பழகிவிடுவதில்லை. நிறம் காணும் கூம்பு உயிரணுக்கள் பழக ஏறத்தாழ பத்து நிமிடமும், மங்கலொளியில் பணிபுரியும் கோல் உயிரணுக்கள் பழக அரை மணியும் பிடிக்கின்றன. கடைக்காரர் இரண்டு நிமிடம் காட்டிய கருமையை எவரும் நம்ப வேண்டியதில்லை. கண் பழகியபின், மேலும் கீழும் கருப்புப் பட்டைகள் வரும் அகலத்திரைப் படம் ஒன்றை நிறுத்திவைத்து, புரொஜெக்டரின் ஒளிப்பாதையில் கையை நீட்டி, அதன் நிழல் கருப்புப் பட்டையின்மேல் விழுமாறு செய்ய வேண்டும். நிழல் விழுந்த இடத்தில் கருவியின் நேரடி ஒளி சிறிதும் இல்லை. அங்கு எஞ்சியிருப்பது சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒளி மட்டுமே. கையின் வடிவம் பட்டையில் தெளிவாகத் தெரிந்தால், கருமை என்று கருவி அனுப்புவது உண்மையில் சாம்பல். கை தெரியவில்லை, ஆனாலும் பட்டை வெளிறியிருக்கிறது என்றால், செலவழிக்க வேண்டியது புதுக் கருவிக்கு அன்று. சுவருக்கு அடர்நிற வண்ணமோ திரைச்சீலையோ போதும். விவரத்தாளில் உள்ள லட்சக் கணக்கான விகிதம் பெரும்பாலும் முழுவெள்ளைத் திரையையும் முழுக்கருப்புத் திரையையும் வெவ்வேறு வேளைகளில் அளந்து வகுத்தது. பதினாறு கட்டங்களில் வெள்ளையும் கருப்பும் மாறிமாறி அமைந்த சதுரங்கப் படத்தில் அளந்தால் அந்த எண் சில நூறுகளுக்கு இறங்கிவிடுவது இயல்பு. காட்சிக்கேற்ப ஒளிவாயிலைச் சுருக்கி விரிக்கும் கருவியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இருட்டறையில் ஒருவர் தீக்குச்சி கிழிக்கும் காட்சியில் கருப்புப் பட்டைகளும் சேர்ந்து வெளிறினால் அந்த வாயில் தன் இருப்பைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்தி வானத்திலும் மூடுபனியிலும் படிக்கட்டுபோல் பட்டைகள் தெரிவதற்கு, வழக்கமான எட்டுபிட் காணொளியில் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே 219 படிகளே இருப்பது ஒரு காரணம். எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் விளக்கிய கண்ணின் இயல்பு மற்றொன்று: ஒளியளவு மாறும் எல்லையில், ஒளிர்ந்த பக்கத்தை இன்னும் ஒளிர்வாகவும் இருண்ட பக்கத்தை இன்னும் இருளாகவும் கண் மிகைப்படுத்திக் காண்கிறது. படத்தை நிறுத்தி, இரண்டு கரிய அட்டைகளால் அண்டைப் பட்டைகளை மறைத்து ஒரே பட்டையை மட்டும் பார்த்தால், அதன் விளிம்பில் தெரிந்த மிகை ஒளி காணாமற்போய், பட்டை முழுதும் ஒரே சீராக இருப்பது தெரியும். படி உண்மை, அதன் கூர்மை கண் சேர்த்தது. சீரான சாம்பல் சரிவைக் காட்டும் சோதனைப் படத்தில் பட்டைகள் இல்லாமல், இணையவழி வந்த திரைப்படத்தில் மட்டும் இருந்தால், படத்தைச் சுருக்கி அனுப்பியவர்களே அதற்குப் பொறுப்பு.

லேசர் கருவிகளோடு புதிதாக வந்தது மணல் தூவியது போன்ற மினுமினுப்பு. ஒரே அலைநீளமுள்ள ஒளி திரையின் சொரசொரப்பில் பட்டுச் சிதறி, அந்தச் சிதறல்கள் விழித்திரையில் ஒன்றையொன்று கூட்டியும் கெடுத்தும் உண்டாக்கும் கோலம் இது. திரையில் வரையப்பட்டிருப்பது அன்று. தலையைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தினால் மணல் நகரும் அல்லது கொதிக்கும். திரைப்படச் சுருளின் மணித்தன்மையோ, இருண்ட பகுதிகளில் நுண்ணாடிகள் சிமிட்டுவதால் எழும் இரைச்சலோ தலையசைவுக்கு மசியா. கைபேசியின் வெண்விளக்கைத் திரையில் அடித்துப் பார்க்கும்போதும் மினுமினுப்பு இருந்தால் அது திரைத்துணியின் மேற்பூச்சால் வருவது. கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் லேசர் மணல் தலைக்கு எதிர்த்திசையிலும், தூரப்பார்வை உள்ளவருக்குத் தலை போகும் திசையிலும் ஓடும் என்பது இதனால் விளையும் சுவையான உபரிச் செய்தி.

இத்தனை சோதனைகளையும் கற்றுக்கொண்டவரிடம் ஒரு புதுச் சிக்கல் எழுகிறது: தேடியது கிடைத்தே தீரும் என்ற மனநிலை. விலை உயர்ந்த கருவி எது என்று தெரிந்திருக்கும்போது கண் அதற்குச் சார்பாகச் சாட்சி சொல்லும். இதற்கு மாற்று, உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, அவர் நாணயம் சுண்டி முடிவுசெய்தபடி ஒரு வசதியை இயக்கியோ அணைத்தோ வைக்க, பார்ப்பவர் திரையை மட்டும் கண்டு எதுவென்று சொல்வதாகும். பத்து முறையில் ஐந்தாறு சரியாவது குருட்டு ஊகத்தாலும் நடக்கும். ஊகத்தால் ஒன்பதோ பத்தோ சரியாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. நுண்ணாடிக் கருவியையும் மூன்று பலகைக் கருவியையும் ஒப்பிடும்போது இரண்டின் ஒளியையும் ஓரளவு சமமாக்கிக்கொள்வது இன்றியமையாதது, ஏனெனில் ஒளி கூடக்கூடக் கண் சிமிட்டலை எளிதில் உணரும் என்பது ஃபெரி, போர்ட்டர் ஆகியோரின் காலத்திலிருந்தே அறியப்பட்ட விதி. மங்கலாகக் காட்டிய கருவி அந்த ஒரு காரணத்தாலேயே குற்றமற்றதாகத் தோன்றிவிடும்.

சோதனையின் வரிசையும் முக்கியம். பிழையைக் காணப் பழகிய கண் அதை மறக்க நாளாகும். சிலருக்கு அது முடிவதே இல்லை. ஆகவே முதலில் எதையும் தேடாமல் ஒரு படத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டு, உறுத்தியது ஏதேனும் உண்டா என்று கேட்டுக்கொள்வதும், உறுத்தியிருந்தால் மட்டும் அதன் காரணத்தைத் தேடுவதும் அறிவுடைமை. வீட்டில் படம் பார்க்கப்போகும் அனைவரும் அந்த முதல் பார்வைக்கு வர வேண்டும், வானவில் பற்றி எவரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல். கடையின் காட்சியறையில் பெரும்பாலும் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். திரையில் வண்ணமயமான பகற்காட்சிகளே ஓடும். அந்நிலையில் வானவில் எழ வாய்ப்பு மிகக் குறைவு, கருமையின் தரமும் தெரியாது. விளக்கை அணைக்கச் சொல்லி, துணையுரையோடு கூடிய இரவுக் காட்சி ஒன்றைத் தம் கைபேசியிலோ பென்டிரைவிலோ கொண்டுபோய் அரை மணி நேரம் ஓடவிடக் கேட்பவரைக் கடைக்காரர் சற்றே வேண்டாவெறுப்பாகப் பார்க்கக்கூடும். பெருந்தொகை கொடுத்து வாங்கும் கருவிக்கு அந்த அரை மணி அதிகமில்லை.